எங்கள் செயலிக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள அம்மாக்கள், அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

உடற்பயிற்சியில் அவரவர் காணும் முன்னேற்றத்தைக் குறித்துவைக்க நாங்கள் உருவாக்கிய செயலி, இந்த வாரம் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் வெளியாகிவிட்டது. நிறுவனர்கள் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அதில் எதை அளப்பது, எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. படிக்கும்போது உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதல் நன்றி, இங்கே சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் காலை உடற்பயிற்சி வகுப்புக்கு வரும் அம்மாக்களுக்கு. நாங்கள் கொண்டுபோன முதல் வடிவத்தில் பெரிதாகத் தெரிந்தது உடல் எடை. அதைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா சொன்னார்: "எடை எனக்கு எதுக்குப்பா? தேக்கா சந்தையில சாமான் வாங்கி, ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வர்றேன். போன மாசம் மூச்சு வாங்குச்சு, இந்த மாசம் வாங்கல. அதைக் காட்டு." பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பேரனைத் தூக்க வேண்டும். இன்னொருவருக்குக் கோயிலில் தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பிறகுதான் பயனர் தன் அளவுகோலைத் தானே எழுதிக்கொள்ளும் பகுதி வந்தது. இன்றைக்குச் செயலியைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான்.

அதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர் எங்களுக்கு வழிகாட்டிய இயன்முறை மருத்துவர் அக்கா. கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் சோதனையை அவர்தான் சேர்க்கச் சொன்னார். கால் வலிமையை வீட்டிலேயே அறிய அது எளிய வழி. உப்பும் தண்ணீரும் ஏறி இறங்குவதாலேயே எடை ஒரே நாளில் ஒரு கிலோ, சில நேரம் இரண்டு கிலோகூட மாறும் என்று விளக்கி, அன்றாட எடைக்குப் பதில் 7 நாள் சராசரியைக் காட்ட வைத்தார். நம் இந்தியர்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்வது அதிகம். அதனால் இடுப்புச் சுற்றளவு கட்டாயம் வேண்டும் என்றார். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லை அப்படித்தான் உள்ளே வந்தது. அக்கா, வேலை முடிந்து களைத்துப்போன இரவுகளில் எங்களுக்காக ஒதுக்கிய நேரத்தை மறக்க மாட்டோம்.

தேசிய சேவை என்னும் கட்டாயப் படைப்பணிக் கடமை இன்னும் முடியாத தம்பிகளுக்குத் தேவை வேறு. அவர்கள் எழுதும் ஐபிபிடி என்னும் உடல்தகுதித் தேர்வில் தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்து 100 புள்ளிகள். அதில் பாதி ஓட்டத்துக்கே. வயதுப் பிரிவு மாறினால் கணக்கும் மாறும். பிடோக் விளையாட்டரங்கில் ஒவ்வொரு சுற்றையும் எங்களோடு ஓடி, நேரம் சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்துச் சொன்னீர்களே தம்பிகளா, உங்கள் உழைப்பு ஓட்டப் பகுதி முழுவதிலும் இருக்கிறது.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்குவிடுதிகளில் இருக்கும் நம் ஊழியர் சகோதரர்கள். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் நின்றுவிட்டு, கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, நண்பர்களோடு இருக்க வேண்டிய நேரத்தில் எங்கள் செயலியைச் சோதித்தீர்கள். உங்கள் பழைய கைப்பேசிகளில் அது திறக்கவே நேரமானது. டேட்டா தீர்ந்தால் எதுவும் பதியவில்லை. அதை நீங்கள் பொறுமையாகக் காட்டியிருக்காவிட்டால், நல்ல கைப்பேசியும் வைஃபையும் உள்ளவர்களுக்கு மட்டுமே உதவும் ஒன்றைத்தான் வெளியிட்டிருப்போம். இப்போது இணையம் இல்லாமலேயே எல்லாம் பதியும். இணைப்பு கிடைக்கும்போது சேர்ந்துகொள்ளும். இதற்காக அடித்தளத்தையே மாற்றி எழுத வேண்டியிருந்தது, ஆனால் செய்த வேலைகளில் எங்களுக்கு அதிக நிறைவு தந்தது இதுதான்.

தமிழ்த் திரைகளை வரிவரியாகத் திருத்தித் தந்த, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமும் நன்றியும். மருத்துவ அறிக்கை போல இருந்த வாக்கியங்கள் அவர் கைபட்டதும் வீட்டில் பேசுவது போல ஆயின. பெரிய எழுத்து வைத்தால் 'கீ', 'வீ' போன்றவற்றின் மேல்சுழி வெட்டுப்படுவதையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எங்களுக்குப் புரியும்படி விளக்கிய வழக்கறிஞர் தோழிக்கும் கடன்பட்டிருக்கிறோம். உடல் அளவுகள் அவரவர் கைப்பேசியிலேயே இருக்கும். அனுமதி கொடுத்தால்தான் வெளியே போகும் என்ற முடிவு அவரோடு பேசிப் பேசி எடுத்தது.

ஆயர் ராஜாவில் தன் அலுவலகத்தில் மேசை போட்டுக் கொடுத்து வாடகை கேட்காத அண்ணனுக்கும், திருப்பிக் கொடுக்கும் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பணம் தந்த சித்தப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி.

குழந்தையைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், இரண்டு வீட்டுச் செலவையும் தங்கள் சம்பளத்தில் தாங்கிய எங்கள் மனைவியருக்கும் எழுத்தில் நன்றி சொல்லி முடியாது. இருந்தாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

சோதனையில் பங்கெடுத்த அனைவருக்கும் செயலி என்றென்றும் இலவசம். விடுதித் தம்பிகள் கேட்ட வங்காளமொழித் திரைகளுக்கான வேலை தொடங்கிவிட்டது. உங்கள் அறைத் தோழர்களில் யாராவது படித்துப் பார்த்துத் திருத்தித் தர முன்வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கமான இடத்திலேயே இருப்போம்.

அன்புடன்,
உங்கள் செயலிக் குழு
சிங்கப்பூர்