கோஸ் பீங்கான் ஜெர்மன் சரக்கு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீங்கான் நினைவுப்பொருள்கள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் விற்ற, நகரச் சின்னம் தீட்டிய சிறு பீங்கான்கள் அனைத்துமே ஜெர்மனியிலிருந்து வந்த மலிவுச் சரக்கு என்ற வரியைப் படித்து மிகவும் வருந்தினேன். ஜெர்மனியிலிருந்தும் ஏராளமாக வந்தன என்பது உண்மைதான். ஆனால், அந்த வகைக்கே பெயர் வாங்கித் தந்தது வில்லியம் ஹென்றி கோஸ் 1858-இல் ஸ்டோக்கில் தொடங்கிய தொழிற்சாலை என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 1880-களில் அவருடைய மூத்த மகன் அடோல்ஃபஸ், ரயிலேறி ஊர் சுற்ற வந்த எளியவர்களும் வாங்கும் விலையில் இவற்றைச் செய்வித்து, ஊருக்கு ஒரு முகவரை அமர்த்தி, அந்த ஊரின் சின்னம் உள்ள பொருளை அந்த ஊரிலேயே விற்கச் செய்தார். ஆர்கேடியன், ஷெல்லி போன்ற மற்ற ஆங்கிலேயப் பீங்கான் வகைகள் அவர் போட்ட பாதையில் பின்னால் வந்தவை.

சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் பணியாற்றிய என் தந்தை, சவுத்ஹாம்ப்டனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்த விரல் உயரக் குடுவை இதை எழுதும்போதும் என் எதிரில் இருக்கிறது. அடியில் சிறகு விரித்த வல்லூறும் கோஸ் பெயரும் தெளிவாக உள்ளன. சின்னத்தின் கோடுகள் அச்சிட்டவை, வண்ணமோ கையால் நிரப்பியது. ஓரிடத்தில் சிவப்பு மயிரிழை அளவு கோட்டைத் தாண்டியிருக்கிறது. தங்கள் கட்டுரையைக் காட்டித்தான் எங்கள் ஊர்ப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் இதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுக்கினார்.

இது முதல் முறையும் அன்று. டென்மார்க்கின் பிங் அண்ட் குரோன்டால் நிறுவனம் 1895 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த கிறிஸ்துமஸ் தட்டின் படத்துக்குக் கீழே 'சீனத் தட்டு' என்று முன்பு அச்சிட்டிருந்தீர்கள். அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. முப்பதாண்டுகளாகச் சந்தா கட்டிவரும் வாசகன் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறும், இனிப் பீங்கான் படம் போடும்போது அதன் அடிப்புற முத்திரையையும் சேர்த்து அச்சிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி