செப்டம்பருக்குள் பெட்டி கிளம்பட்டும்

சிங்கப்பூர்,
ஆகஸ்ட் 24

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. துபாயில் உன் வார்டில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் அக்கா டிசம்பரில் லீவில் தன் ஊரான இலோயிலோவுக்குப் போகிறார், பெட்டி கட்ட நீயும் கூட இருக்கப் போகிறாய், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இங்கே ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில் கூடும் பிலிப்பைன்ஸ்காரர்களிடம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதே பேச்சுதான். ஊருக்குப் போகிறவர் பரிசாகக் கொண்டுபோகும் பசலுபோங்கும், வீட்டுக்கான சாமானோடு கப்பலில் முன்னால் போகும் பாலிக்பாயன் என்ற அட்டைப்பெட்டியும் இல்லாமல் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம் தேதி. துபாயிலிருந்து மணிலாவுக்குக் கப்பலில் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும். இலோயிலோ நாட்டின் நடுவிலுள்ள விசாயாஸ் தீவுகளில் இருப்பதால் மணிலாவில் இறங்கிய பெட்டி மறுபடி உள்நாட்டுக் கப்பல் ஏற வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் போட்டுக்கொள். நவம்பர் பிறந்துவிட்டால் மணிலா துறைமுகத்தில் நெரிசல். ஆகவே செப்டம்பர் நடுவுக்குள் பெட்டி கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் அனுப்பினால், அக்கா லீவு முடிந்து துபாய் திரும்பிய பிறகுதான் பெட்டி வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது, எதைக் கப்பலில் விடுவது, எதைக் கையில் கொண்டுபோவது. கப்பல் பெட்டிக்குப் பெரும்பாலும் அளவை வைத்துத்தான் காசு, எடைக்கு இல்லை. அதனால் கனமான சாமான் எல்லாம் அதில் போகட்டும்: கார்ன்ட் பீஃப் டின், சோப்பு, பற்பசை, ஷாம்பு, துண்டு, காபித்தூள், பால்பவுடர். பன்றி இறைச்சி டின்னைத் தவிர்ப்பது நல்லது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு எந்த நாட்டுச் சரக்குக்குத் தடை என்பது அடிக்கடி மாறுகிறது. சாக்லேட், போன், தங்கம், மருந்து இவையெல்லாம் அக்காவோடு விமானத்தில் போகட்டும். 'சவூதி தங்கம்' என்றால் அங்கே தனி மதிப்பு. அவசரத்துக்கு அடகுக்கடையில் வைக்கும் பொருளும் அதுதான். கேரட் குறித்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்.

சாக்லேட்டைக் கப்பலில் ஏன் அனுப்பக் கூடாது என்றால், கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் சூடு அதைத் தாண்டிப் போகும். உருகி மறுபடி இறுகும்போது மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். கெட்டுப்போகவில்லைதான், ஆனால் பிள்ளைகள் பூஞ்சை என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே சர்க்கரை ஓடு போட்ட உருண்டை மிட்டாய் தேவலாம்.

இனி கட்டும் முறை. பெரிய பெட்டி 24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம் இருக்கும். இரட்டை அடுக்கு அட்டையாகப் பார்த்து வாங்கு. அடிமடல்களின் நடு இணைப்பில் ஒரு டேப், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, இதே மாதிரி மூன்று சுற்று ஒட்ட வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டி தூக்கும்போது ஓரத்தில்தான் கிழியும். உள்ளே பெரிய கருப்புக் குப்பைப் பையை விரித்து அதற்குள் அடுக்கு. மழைத்தண்ணீர் பட்டால் அட்டை நனையும், சாமான் நனையாது. அடியில் ஒரு துண்டு, அதன்மேல் டின்கள் நெருக்கமாக. ஷாம்பு, லோஷன் பாட்டில்களின் மூடியைத் திறந்து, வாயில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து மறுபடி மூடி, மேலே டேப் சுற்றி, தனித்தனி ஜிப் பையில் நிமிர்த்தி வை. ஒரு லோஷன் பாட்டில் ஒழுகினால் போதும், அந்த அடுக்கு முழுக்கப் பாழ்.

சோப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் குப்பென்று வரும் அந்த வெளிநாட்டு சோப்பு வாசனைக்காகவே வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கு அதே சோப்பு இலோயிலோ சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, ஆனாலும் பெட்டியில் வருவதுதான் வேண்டும். அதனால் சோப்பைத் துண்டுக்கும் துணிக்கும் நடுவே செருகு, துணி முழுக்க வாசனை ஏறட்டும். காபித்தூளும் பால்பவுடரும் எதிர்மூலையில், காற்றுப் புகாத இரண்டு பைக்குள் இருக்க வேண்டும். கொழுப்புள்ள எந்தத் தின்பண்டமும் வாசனையை இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் சோப்போடு கிடந்த பிஸ்கட்டை வாயில் வைக்க முடியாது. இடுக்கு எதுவும் காலியாக விடாதே. ஷூவுக்குள் சாக்ஸ், குவளைக்குள் கைக்குட்டை. உள்ளே ஆடும் பெட்டிதான் மேலே சுமை ஏறும்போது நசுங்கும்.

இப்போது யாருக்கு என்ன என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வாங்கப் போகும் முன்பே அக்கா பெயர்ப்பட்டியல் போட வேண்டும்: பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் லோலா (பாட்டி), கணவர், அண்ணன் தங்கை குடும்பங்கள், அக்கா ஞானஸ்நானத்தில் நினாங்காக, அதாவது ஞானத்தாயாக, நின்ற ஞானப்பிள்ளைகள் ஒவ்வொருவரும், பக்கத்து வீடுகள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் டிரைசிக்கிள்காரர். ஞானப்பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருப்பது அங்கே சாதாரணம். ஒருவர் விட்டுப்போனாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அதைச் சரிசெய்ய லீவு முழுக்கப் போதாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பை, பையின்மேல் மார்க்கரில் பெயர். விலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு சோப்பும் ஒரு பாக்கெட் காபியும் போதும், ஆனால் பெயர் எழுதியிருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு சாமானைப் பெயரில்லாமல் வை. பெட்டி வந்த செய்தி கேட்டு நினைக்காத ஆள் வந்து நிற்பார்.

பிள்ளைகளின் ஷூ, சட்டை விஷயத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மனதில் இருப்பது விட்டுவந்த பிள்ளையின் அளவு. வீட்டில் இருப்பதோ வளர்ந்த பிள்ளை. லோலாவிடம் சொல்லி, பிள்ளையைத் தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரையச் சொல்லட்டும். குதிகாலிலிருந்து நீளமான விரல்வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுத வேண்டும். போட்டோ மட்டும் அனுப்பினால் அளவு தெரியாது. அமெரிக்க எண், ஐரோப்பிய எண் என்று கடைக்குக் கடை குழப்பம் வரும், சென்டிமீட்டர் மாறாது. பெட்டி போய்ச்சேரும் நாளையும் கணக்கில் வைத்து ஒரு சென்டிமீட்டர் கூட்டி வாங்கு. பொம்மையும் அப்படித்தான். இப்போது எந்த வகுப்பு, என்ன விளையாடுகிறான் என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

லோலாவுக்குத் தைலம் கட்டாயம். நம் வீடுகளுக்குப் போகும் அதே கோடாலித் தைலம்தான், இங்கேயிருந்து போகும் பெட்டிகளில் அது இல்லாத பெட்டி அபூர்வம். வேண்டுமானால் நான் வாங்கி அனுப்புகிறேன்.

மின்சாதனம் வாங்கினால் பின்னைப் பார். பிலிப்பைன்ஸில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், ஆனால் பிளக் அமெரிக்க மாதிரித் தட்டையான இரண்டு பின். துபாய்ச் சாதனத்துக்கு வோல்டேஜ் சரி, மூன்று சதுரப் பின்தான் பொருந்தாது, அடாப்டர் சேர்த்து வை. அக்காவின் சொந்தக்காரர் யாராவது அமெரிக்காவிலிருந்து அரிசிக் குக்கர் அனுப்பினால்தான் ஆபத்து. பின் அச்சாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் 120 வோல்ட் சாதனம் புகைந்துவிடும்.

சுங்கம் பற்றிக் கேட்டிருந்தாய். 2016-இல் வந்த 10863-ஆம் எண் சட்டப்படி, வெளிநாட்டில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரர் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிக்கு 1,50,000 பேசோ மதிப்புவரை வரி இல்லை, ஆண்டுக்கு மூன்று முறை. அதற்கு முந்தைய ஆண்டு பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்கப் போகிறோம் என்று சுங்கத்துறை சொன்னதும் பெரிய கொந்தளிப்பு எழுந்து, அன்றைய அதிபர் அக்கினோ அதை நிறுத்தச் சொன்னார். இப்போது எக்ஸ்ரேதான். படத்தில் சந்தேகம் வந்தால் மட்டும் திறப்பார்கள். பாஸ்போர்ட் நகலும், என்ன சாமான், எத்தனை, என்ன மதிப்பு என்று எழுதிய படிவமும் வேண்டும். 'பலவகைச் சாமான்' என்று ஒரே வரியில் எழுதக் கூடாது. ஒரே மாதிரிக் கைப்பை இருபது வைத்தால் விற்பனைச் சரக்கு என்று பிடிப்பார்கள். போலி பிராண்டு, துப்பாக்கி போலவே இருக்கும் பொம்மை, ரொக்கப் பணம் எதுவும் வேண்டாம்.

சரக்கு ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதே. துபாயில் பெட்டியை வாங்கிக்கொள்பவர் ஒருவர், மணிலாவில் இறக்கி வீட்டுக்குக் கொடுப்பவர் வேறொருவர். இவர் அவருக்குப் பணம் கட்டாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். 2022-இல் வளைகுடாவிலிருந்து போன ஏராளமான பெட்டிகள் அப்படித்தான் மாதக்கணக்கில் முடங்கி, கடைசியில் சுங்கத்துறை தலையிட வேண்டியதாயிற்று. மணிலா முகவர் யார், அந்நாட்டு வர்த்தகத் தொழில் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போ. ரசீதில் பெட்டி எண் இருக்க வேண்டும். அதே எண்ணையும் பெறுபவர் பெயரையும் போன் நம்பரையும் பெட்டியின் எல்லாப் பக்கமும் எழுதி, மூடும் முன் உள்ளேயும் ஒரு தாளில் எழுதிப் போடு.

விமானத்துக்கும் அட்டைப்பெட்டிதான் என்றால் 20 அங்குலச் சதுரப் பெட்டி சரியாக இருக்கும். பல விமான நிறுவனங்கள் மூன்று பக்கமும் கூட்டி 158 சென்டிமீட்டர்வரை அனுமதிக்கின்றன, இது 152 வரும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். மணிலாவில் இறங்கும் முன் 72 மணி நேரத்துக்குள் இடிராவல் என்ற அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பாத அளவு வந்ததும் எனக்கும் எழுது. இங்கே பிள்ளைகளுக்கான பள்ளி ஷூ நல்ல விலையில் கிடைக்கிறது. தைலத்தோடு சேர்த்து, அடுத்த மாதம் துபாய் வரும் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிடலாம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்