இ-பாஸ் எண்ண வேண்டியது வண்டியையா, படுக்கையையா?

ஐயா,

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ளது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பும் வந்தது: நாளொன்றுக்கு ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசலைக் குறைக்க இது உதவும். ஆனால் மலையை உண்மையில் அழுத்துவது இரவு தங்குவோரின் கழிவுநீர். காலையில் ஏறி மாலையில் இறங்கும் காரில் நான்கு பேர். மூன்று இரவு தங்கும் டெம்போ டிராவலரில் 12 பேர். வரம்புக் கணக்கில் இரண்டும் ஒரே வண்டி!

விடுதியில் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியத் தர நிர்ணயம். 40 படுக்கைக்கு 7,200 லிட்டர். பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பும். செப்டிக் டேங்கில் அது ஒரு நாளாவது நின்றால்தான் கசடு அடியில் படியும். மே மாதத்தில் கூடுதல் மெத்தை போட்டு 80 பேரைத் தங்கவைத்தால் நிற்கும் நேரம் பாதியாகிவிடும். படியாத கசடு, டேங்க்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். பிறகு குழி நிரம்பி, சரிவின் கீழ்ப்பக்கம் கசிந்து ஓடையில் சேரும். குளிரில் கசடு மக்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். சமவெளியில் போல மூன்றாண்டுக்கு ஒருமுறை அள்ளினால் இங்கே போதாது. காட்டேஜ் என்று பலகை மாட்டிய வீடுகளில் டேங்க் ஒரு குடும்பத்துக்குக் கட்டியது.

ஆட்கள் எத்தனை, தங்குமிடம் எது என்று இ-பாஸ் விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். அங்கே விடுதியின் உரிம எண்ணைக் கட்டாயமாக்கி, எண்ணுக்கு எதிரே படுக்கை வரம்பைப் பதிந்தால், நிறைந்த விடுதியின் பெயரில் பாஸ் கிடைக்காது. வரம்பை டேங்க்கின் கொள்ளளவை அளந்து வைக்க வேண்டும்; அறைகளை எண்ணி வைத்தால் பயனில்லை. அரசுப் பேருந்தில் வருவோருக்குப் பாஸ் வேண்டாம் என்பது சரியே. அவர்களை விடுதியே இ-பாஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். ‘உறவினர் வீடு’ என்று எழுதுவோரிடம் அந்த வீட்டின் சொத்துவரி எண்ணைக் கேட்கலாம். ஒரே எண் மாதத்தில் பத்து முறை வந்தால், அவ்வளவு உறவினர் யாருக்கும் கிடையாது.

உரிமம் புதுப்பிக்கக் கசடு லாரி ரசீதையும் கேட்க வேண்டும். அதில் சுத்திகரிப்பு நிலையத்தின் முத்திரையும் கொட்டிய லிட்டரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் லாரி இருட்டிய பிறகு எங்காவது சரிவில் திறந்துவிட்டு வந்து ரசீது கிழிக்கும்.

— பொதுச் சுகாதாரப் பொறியாளர், குன்னூர்