அடிமணல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்தெல்லாம் தீர்ந்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறேன். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. என் கையெழுத்து இவ்வளவு கோணல் என்பதும் தெரிகிறது.

ஞாயிறுதோறும் நாலைந்து கிழங்கள் கூடிப் புறநானூறு படிக்கிறோம் என்று சொன்னேனே, போன வாரம் 243ஆம் பாட்டு. ஒரு முதியவர் தன் சின்ன வயதை நினைத்துப் பேசுகிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டினாராம், நீராடும் பெண்களோடு கைகோத்து ஆடினாராம் (நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை). 'தூங்குவழித் தூங்கி' என்று வந்ததும் எங்களில் ஒருவர், "ஆடிய களைப்பில் தூங்கிவிட்டார்கள்" என்று பொருள் சொல்ல, ஒரே சிரிப்பு. அங்கே தூங்குவது என்றால் அசைந்தாடுவது.

அதற்கு அப்புறம்தான் உன் ஞாபகம் வந்தது. தண்ணீரைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, 'நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து' முங்கி, அடிமணலை அள்ளி வருகிறார். துடும்! தாமிரபரணியில் நாம் போட்ட அதே சத்தம்.

மொத்தம் 14 வரி. இளமைக்கு மூச்சுவிடாமல் வரிவரியாகக் கொடுத்துவிட்டு, முதுமையைக் கடைசி மூன்று வரியில் முடித்துவிடுகிறார். பூண் போட்ட தடி, நடுக்கம், இருமலுக்கு இடையே வரும் சில சொல். அவ்வளவுதான். நடுவில் இருந்த வயதுகள் எங்கே? கல்யாணம், பிள்ளைகள், பிழைப்பு எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. எனக்கும் முப்பத்து நாலு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் உருப்படியாக நினைவிருப்பது டீ கொண்டுவரும் பையனின் விசில்தான்.

இன்னொரு வேடிக்கை. பாடியவர் பெயர் மறைந்துபோய், பாட்டில் வரும் சொல்லை வைத்தே 'தொடித்தலை விழுத்தண்டினார்' ஆகிவிட்டார். அவர் ஏங்கியது இளமைக்கு, பெயராக ஒட்டிக்கொண்டது கைத்தடி!

குண்டலகேசியில் மிஞ்சிய 19 பாட்டில் ஒன்றையும் சேர்த்துப் படித்தோம். 'பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்' என்று ஒவ்வொரு பருவமாகச் சாகடித்துக்கொண்டே வந்து, 'நமக்குநாம் அழாதது என்னோ' என்று கேட்கிறது. கணக்கு சரிதான். ஆனால் எனக்கு அதைவிட இந்த இருமல்காரர்தான் பிடித்திருக்கிறது. அவர் நிரூபிக்க வரவில்லை, 'யாண்டுண்டு கொல்லோ', எங்கே போயிற்றோ அது, என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

தங்கச்சிக்கு முட்டுவலி தேவலையா? தைக்கு இங்கே வருவதாகச் சொன்னீர்களே, தேதியை எழுது.

அப்புறம் ஒரு சந்தேகம். அடிமணலை அள்ளி வருவது ஆழம் தொட்டதற்குச் சாட்சி. நீ மட்டும் எப்போதும் காய்ந்த மணலாகக் கொண்டுவந்தாயே, அது எப்படி? அறுபது வருஷம் ஆயிற்று, இனியாவது உண்மையைச் சொல்லித் தொலை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி