புதன்கிழமைக்கு நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘தடுப்பூசி: கட்டாயமா, அவரவர் விருப்பமா?’ என்று ஒரு பக்கம் முழுக்கப் பொதுமக்கள் கருத்து போட்டிருந்தீர்கள். எட்டுப் பேர் பேசியிருந்தார்கள். எட்டுப் பேரும் கோவை மாநகரத்துக்காரர்கள். அதில் எனக்குக் குறையில்லை, பத்திரிகை ஆபீசுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தானே கேட்க முடியும். ஆனால் கடைசிப் பத்தியில் உங்கள் நிருபர் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “கிராமப்புறங்களில் அறியாமையால்தான் தடுப்பூசிக்கு எதிர்ப்பு நிலவுகிறது.” அன்றைக்குக் காலைக் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நான் காங்கயம், தாராபுரம் பக்கத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் சைக்கிள், அப்புறம் மொபெட். பின்னால் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி. அறியாமை எந்தெந்த வீட்டில் குடியிருந்தது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். 9 மாதக் குழந்தை முதல் 15 வயது வரை எல்லோருக்கும் ஊசி. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் காலையில் ஆரம்பித்து மதியச் சத்துணவுக்கு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டோம். அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே பாதி வகுப்பு கூடத் தேறவில்லை. பெற்றோர்கள் வாட்ஸ்ஆப்பில் ஏதோ ஒரு ஆடியோ கேட்டிருந்தார்கள். ஒரு தகப்பனார், இன்ஜினியராம், செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, இந்த ஊசியால் ஆட்டிசம் வருகிறதென்று லண்டன் டாக்டரே எழுதியிருக்கிறார் என்றார். 1998-இல் வந்த அந்தக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டதுங்க என்றேன். “நீங்க நர்ஸ்தானுங்களே?” என்றார். இவரை உங்கள் நிருபர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

சரி, எங்கள் ‘அறியாத’ ஆட்களுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கொறங்காட்டில் செம்மறி மேய்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்குச் சித்தப்பா முறை, கையெழுத்துக்குப் பதில் ரேகை வைப்பவர். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடக் கால்நடை டாக்டர் வருகிறார் என்றால் தன் பட்டியோடு நிறுத்த மாட்டார். அடுத்த காட்டுக்காரரின் இட்டேரியில் போய் நின்று, “உன்ற பட்டிக்குப் போடாம எம்பட ஆட்டுக்கு மட்டும் போட்டு என்னப்பா பிரயோசனம்? வேலி கண்டா நோய் நின்னுக்குமா?” என்று சத்தம் போடுவார். உங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் ‘என் உடம்பு, என் உரிமை’ என்கிறார்கள், ஐந்து பேர் ‘போடாதவருக்கு அபராதம்’ என்கிறார்கள். அடுத்த பட்டியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதே வீட்டில் சின்னம்மா, கோமாரி ஊசிக்கு ஆள் வந்தால் கறவை மாட்டை மெதுவாகத் தோட்டத்துக்கு அந்தப்பக்கம் ஓட்டிவிடுவார். ஊசி போட்டால் ரெண்டு நாள் பால் குறையும், சொசைட்டிக்கு ஊற்ற முடியாது. இதையும் நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். கணக்கு. குழந்தை ஊசியிலும் எங்கள் பெண்களுக்கு இருப்பது இதே கணக்குதான்.

ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற பென்டா ஊசி போட்டால் அன்று ராத்திரி பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். அதில் இருக்கும் கக்குவான் இருமல் மருந்துக்கு அது இயல்பு. “போட்டுட்டு நீங்க வண்டியேறிப் போயிருவீங்க நர்சம்மா, ராத்திரிக்குப் புள்ள அழுதா ஆருங்க பாக்கறது?” என் காலம் முழுக்க நான் கேட்ட ‘எதிர்ப்பு’ இது ஒன்றுதான். கேட்பவள் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண், மறுநாள் போகாவிட்டால் கூலி போச்சு. அவள் கையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, எவ்வளவு, எப்போது என்று சொல்லி, மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றால், அடுத்த ஊசிக்கு அவளே அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள். போய் நிற்காவிட்டால் வர மாட்டாள். 31 வருடத்தில் நான் படித்த பாடம் இவ்வளவுதான். நகரத்தில் இதற்கு வேறு வழி உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ‘வலியில்லாத ஊசி’ வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பயத்துக்குப் பெயர் அக்கறை.

பயந்தே தீர வேண்டிய நேரமும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த வாரம் நான் வெறுங்கையோடு போயும் எங்கள் தெக்கு வளவில் ஒரு கதவு திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வேனா? எனக்கே கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஊசியெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னால்தான் என்றாகிவிட்டது. கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு ரெண்டு பஸ் மாறி வந்தார்கள், சித்திரை வெயிலிலும் வந்தார்கள். அந்த நாட்களில் உங்கள் நிருபர் யாரும் அந்தப் பஸ்ஸில் ஏறியதாக எனக்கு ஞாபகமில்லை.

கட்டாயத்தையும் பார்த்துவிட்டேன், பார்த்ததென்ன, செய்தேன். 2021 மே, ஜூனில் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றிலும் கொரோனா தலைவிரித்தாடியபோது ஊசி தட்டுப்பாடு. விடியற்காலையில் டோக்கனுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தது இதே அறியாத சனம்தான். அப்புறம் ஊசி மலிந்தது. மலிந்ததும் இலக்கு வந்தது. இத்தனை மணிக்குள் இத்தனை பேர் என்று மேலேயிருந்து போன் வரும். ஒருநாள் சந்தைக்கு வந்தவர்களை வாசலிலேயே மறித்து நிறுத்தினோம். தக்காளிப் பையோடு வந்த ஒரு அமுச்சியின் கையை நான் பிடித்துக்கொண்டேன், இன்னொருவர் ஊசியைப் போட்டார். அவர் திட்டவில்லை. “கேட்டிருந்தா நானே நீட்டியிருப்பனே சாமி” என்றார். அவருடைய பேத்திக்கு முதல் சொட்டு மருந்து கொடுத்தது நான். அதற்கப்புறம் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூஸ்டருக்கு அந்த வளவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்றைய இலக்கு மட்டும் எட்டியாயிற்று, பாராட்டிக் குறுஞ்செய்தி கூட வந்தது.

2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தங்களுக்குத் தெரியாததல்ல. யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்றது. அதோடு, பொது நலனுக்காக அரசு நியாயமான அளவில் கட்டுப்பாடு வைக்கலாம் என்றது, பக்கவிளைவு விவரங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பக்கத்தில் முதல் வாக்கியம் மட்டும் பெட்டிச் செய்தியாக வந்திருந்தது. மீதிக்கு இடமில்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியில் குழந்தை பிறந்தபின் வருகிற தவணை, ஊசிகள் முடிந்தால்தான் கிடைக்கும். நல்ல திட்டம், நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இதைக் கட்டாயம் என்பதா, விருப்பம் என்பதா? பணம் தேவைப்படாதவருக்கு உரிமை, தேவைப்படுகிறவளுக்குத் தவணை. உங்கள் எட்டுப் பேருக்கும் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன், இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் கோவையில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்த செய்தியை அரைப் பக்கம் போட்டுச் சிரித்தீர்கள். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் பிளேக் வந்த காலத்துப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதே கோவையில் இன்றும் இருக்கின்றன, தாங்கள் தினமும் அந்த வழியாகப் போகக் கூடும். அங்கே கும்பிடுகிறவர்கள் ஊசியும் போட்டுக்கொள்கிறவர்கள்தான். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டால் எங்கள் ஊரில் வெளியாள் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார், வீட்டாள் விசேஷத்துக்குப் போக மாட்டார். தனிமைப்படுத்துவது என்றால் என்னவென்று 2020-இல் எங்களுக்குப் படம் போட்டு விளக்கினீர்கள். நன்றி.

இத்தனை எழுதிவிட்டுக் கேட்கப் போவது சின்ன விஷயம்தான். அந்தப் பக்கத்தில் வாய் கிழிய அழுகிற ஒரு குழந்தையும் விரல் நீளத்துக்கு ஒரு ஊசியும் போட்டிருந்தீர்கள். அப்படியொரு ஊசியை நான் எந்தக் குழந்தைக்கும் போட்டதில்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. போடுகிற ஊசி எவ்வளவு சின்னது என்று பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த தடவை படம் தேர்ந்தெடுங்கள். அப்புறம், புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது தங்களுக்குத் தெரியும். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வந்துகொண்டிருந்தது. ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடை விளம்பரம் வந்தபோது காணாமல் போனது, இன்னும் திரும்பவில்லை. அந்த நாலு வரியை மறுபடி போட முடியுமா? விவரம் திரட்ட ஆள் இல்லையென்றால் நானே வாராவாரம் எழுதி அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

‘அறியாமை’ என்ற வார்த்தைக்கு வருத்தம் தெரிவிப்பதெல்லாம் வேண்டாம். அதற்கும் எட்டுப் பேரிடம் கருத்துக் கேட்டுவிடப் போகிறீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தாராபுரம் வட்டம்.

(பெயரைப் போட வேண்டாம். எங்கள் ஊரில் படித்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அது பரவாயில்லை.)