போனஸ் மனு குறித்து மகனுக்கு

தங்கச்சிமடம்
12.02.2025

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். வேலையை விட்ட பிறகு 2023-24 கணக்காண்டுக்கான போனஸை நீ கேட்டதற்கு மண்டபம் இறால் கம்பெனி எழுதிய பதிலை மாமா கொண்டுவந்து காட்டினார். தீபாவளிக்குப் போனஸ் போட்ட நாளில் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டுமே கொடுப்பது தங்கள் வழக்கம் என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி, மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாமல், கணக்காண்டில் 30 நாளாவது வேலை பார்த்தவர் போனஸுக்கு உரியவர். மோசடி, திருட்டு, வன்முறை போன்ற குற்றத்துக்காக நீக்கப்பட்டவர்தான் அதை இழப்பார். 2023 டிசம்பரில் நீயாக விலகியதால் உன் உரிமை போய்விடாது. 2024 நவம்பர் 30-க்குள் அவர்கள் பணம் தந்திருக்க வேண்டும்.

உன் சம்பளம் 18,000 ஆனாலும், மாதம் 7,000 ரூபாய் அல்லது அந்த வேலைக்குரிய குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது கூடுதலோ அதை வைத்தே கணக்கிடுவார்கள். 7,000 என்றே கொண்டாலும், 2023 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீ வேலை பார்த்த ஒன்பது மாதத்துக்கு, சட்டம் சொல்லும் குறைந்தபட்ச 8.33 சதவீதப்படி 5,248 ரூபாய் வரும். சின்னத் தொகை, விட்டுவிடலாம் என்று போனில் சொன்னாய். விடாதே, தம்பி. உன்னோடு இருந்து விலகிய இறால் உரிக்கும் பெண்களுக்கும் இதே பதில்தான் போயிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் தடைக்காலத்தைக் கழித்தாலும், அவர்களில் 30 நாளை எட்டாதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மதுரைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நேராகத் தொழில் தகராறு சட்டத்தின் 33சி(2) பிரிவில் மனு போட்டுவிடலாம் என்று உன் நண்பர் சொன்ன யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையை விட்டவரும் அந்த மனுவைப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பிரிவில் நீதிமன்றம், ஏற்கெனவே உறுதியான உரிமைக்குரிய தொகையைக் கணக்கிட்டுத் தரலாமே தவிர, உரிமையே உண்டா என்ற தகராறைத் தீர்க்க முடியாது என்பது தில்லி மாநகராட்சி வழக்கில் தெளிவாக்கப்பட்டது. அந்தப் பெண்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்று கம்பெனி ஒரு வரி எழுதினால் போதும், அவர்கள் மனு அங்கேயே நின்றுவிடும். உன்னைப் பற்றி, 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய சூப்பர்வைசர், எனவே தொழிலாளி அல்ல என்பார்கள். பதவிப் பெயரைவிட உண்மையில் செய்த வேலைதான் முக்கியம் என்றாலும், அதையும் நாம் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே போனஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, இதைத் தொழில் தகராறாகவே எழுப்புவது நல்லது. அந்தப் பிரிவுக்கு, வேலையில் இப்போது இல்லாதவரும் ஊழியரே என்று 21-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. வேலைநீக்கம் போன்ற தகராறைத்தான் ஒருவர் தனியாளாக எழுப்பலாம்; போனஸுக்குச் சங்கமோ, கணிசமான தொழிலாளர்களோ துணைநிற்க வேண்டும். நம் சங்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் தொழிலாளர் அலுவலகத்தில் சமரசம் முறிந்தால் அறிக்கை அரசுக்குப் போகும். போனஸ் தொழில் தகராறு சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருப்பதால் தொழில் தீர்ப்பாயத்துக்கு உரியது. பாதிக்கப்படுவோர் நூறு பேருக்கு மேற்படாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்கே அரசு அனுப்பலாம். எங்கே போனாலும், அரசு அனுப்பும் கேள்வியைத் தாண்டி அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ‘தொழிலாளர்களுக்குப் போனஸ்’ என்று மட்டும் கேள்வி அமைந்தால், விலகியவர்கள் அதில் அடங்குவார்களா என்றே வருடக்கணக்கில் வாதம் நடக்கும். அதனால் விலகியவர்கள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள் என்ற சொற்கள் முதல் மனுவிலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சங்கச் செயலாளரிடம் வற்புறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்களில் பலருக்கு வேலைக்கு வந்ததற்கு ஒரு சீட்டுக்கூடக் கையில் இல்லை. அவர்களுக்காகச் சொல்ல உன் சாட்சியம்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், ராஜினாமாவை ஏற்ற கடிதம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒரு நாளில் என்னென்ன வேலை செய்தாய், ஷெட்டில் யார் யாருக்கு வேலை பிரித்துக் கொடுத்தாய், அவர்களுக்குக் கூலியை யார் கையில் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் நினைவிலிருக்கும்போதே எழுதி, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பிவை. உன் சார்பில் சங்கம் மனுச் செய்ய அனுமதிக் கடிதமும் அதனோடு வேண்டும். அவை வந்ததும் நானே ராமநாதபுரம் போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவருகிறேன்.

அன்புடன்,
அப்பா