வில்லை நனையவிடாதவருக்கு

நாகர்கோவில் இலவச இசைவிழாவில் மூன்று இரவுகள் வெட்டவெளியில் நின்றும், சாக்கு விரித்து உட்கார்ந்தும் எங்கள் பாட்டைக் கேட்ட அனைவருக்கும் வில்லுப்பாட்டுக் குழுவின் குடத்துக்காரன் வணக்கத்துடன் எழுதும் நன்றி மடல் இது.

எங்கள் குழுவின் தலைமைப் பாடகரான புலவர் வீடு திரும்பிவிட்டார். நேற்றுக் காலையில் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டார். மாலையில் யாரும் கேட்காமலேயே, வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிரவு மேடையில் பாட்டின் நடுவே அவர் குரல் நின்றுபோனதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள், பார்க்காதவர்களுக்குக் கைப்பேசிகள் காட்டிவிட்டன. அதை மறுபடியும் எழுத எனக்கு மனமில்லை.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய இளைஞர்களுக்கும், கூலி வாங்க மறுத்த ஆட்டோ ஓட்டுநருக்கும், ஆசாரிபள்ளம் மருத்துவமனையில் கண் விழித்திருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆடவேண்டிய நேரத்தில் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் எங்களோடு வந்து நின்ற கரகாட்டச் சகோதரிகளுக்கும், தங்கள் மகுடப் பறையை மூடி வைத்துவிட்டுத் தங்கள் சம்பளத்தில் பாதியைப் புலவர் மனைவியின் கையில் திணித்த கணியான் கூத்துக் குழுவினருக்கும், முகம் தெரியாமல் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியவர்களுக்கும் எங்கள் குழு கடன்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே நேரில் பார்த்துச் சொல்லவேண்டிய நன்றியை இப்படி மொத்தமாகச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. மைதானத்து வாசலையொட்டித் தட்டுக்கடை போட்டிருக்கும் அந்த அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன். பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வில் புலவருடைய பாட்டனார் காலத்தது. வைரம் பாய்ந்த பனையில் செதுக்கியது. பத்தடிக்கு மேல் நீளம், இரு முனைகளிலும் வெண்கலக் குப்பி, உடல் முழுக்க மணிகள், மாட்டுத்தோலில் முறுக்கிய நாண். அதைத் தொட்டுக் கும்பிடாமல் நாங்கள் யாரும் அரங்கில் உட்கார்ந்ததில்லை, அதைத் தாண்டி ஒருவரும் கால் வைத்ததில்லை. கோயில் கொடைவிழாவுக்குப் போகும்போது வேன் கூரையின்மேல் கட்டிக்கொண்டு போவோம். அன்றைக்கு வேனும் மருத்துவமனைக்கு விரைந்துவிட்டது. பத்தடி வில்லை ஆட்டோவிலா ஏற்ற முடியும்? மேடையிலிருந்து இறக்கியவர்கள் அதை வாசலோரம் வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் அந்தப் பரபரப்பில் குடத்தைக் கை நழுவவிட்டு உடைத்தவன் நான்தான். முப்பது ஆண்டுகளாக அந்த வில்லின் நடுவே குடத்தைக் கட்டி அடித்து வருகிறவனுக்கு, வில் எங்கே என்ற நினைவு நள்ளிரவு இரண்டு மணிக்கு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மழைச் சத்தத்தைக் கேட்டபோதுதான் வந்தது.

தோல் நாண் நனைந்தால் தொய்ந்துவிடும். தொய்ந்த நாணில் வீசுகோல் பட்டால் மணிகள் பேசாது. அதைவிட, கேட்பாரில்லாமல் தெருவில் கிடக்கும் வில்லை யார் மிதித்தார்களோ, மணிகளை யார் அறுத்தார்களோ என்ற எண்ணம்தான் என்னை வதைத்தது. புலவரைப் பற்றி ஓரளவு நம்பிக்கையான சொல் கிடைத்த பிறகு, விடியற்காலை நான்கு மணிக்கு நாங்கள் நால்வர் மைதானத்துக்குத் திரும்பினோம்.

தட்டுக்கடையின் மேல் கூரையாகக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைக் காணோம். அது தரையில், ஒரு நீளமான பொருளின்மேல் கிடந்தது. காற்று தூக்கிவிடாதபடி ஒரு பக்கம் எரிவாயு உருளையும், மறுபக்கம் தோசைக்கல்லும், நடுவே இரண்டு செங்கல்லும் பாரம் வைத்திருந்தார்கள். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், விரித்த குடையின் கீழே, அந்த அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது, ஓடுகிற தண்ணீரில் படாமல் இரண்டு முக்காலிகளின்மேல் ஏற்றப்பட்டிருந்தது எங்கள் வில். நாணின் நீளம் முழுவதும் உலர்ந்த தோர்த்துத் துண்டுகளால் சுற்றப்பட்டிருந்தது. உடைந்த குடத்தின் ஓடுகளைக்கூட ஒரு சாக்கில் பொறுக்கி வைத்திருந்தார். எங்கள் பையன் மணிகளை எண்ணினான், ஒன்றும் குறையவில்லை. எண்ணியதைப் பார்த்து அவர் முகம் சுளித்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கூரையை அவிழ்த்த அந்த நிமிடத்தோடு அவருடைய அன்றைய வியாபாரம் முடிந்தது. கரைத்து வைத்த மாவு மழையில் வீணாகியிருந்தது. அதற்கு விலை கொடுக்க முன்வந்தோம், தார்ப்பாய்க்கும் தருகிறோம் என்றோம். அவர் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் அடுப்பைப் பற்றவைத்து நான்கு கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். நான் நீட்டிய நூறு ரூபாயில் சாயாவுக்கு நாற்பதை எடுத்துக்கொண்டு, அறுபதை எண்ணித் திருப்பித் தந்துவிட்டு, “தோல் நனைஞ்சா போச்சுல்லா அண்ணே, எங்க சர்ச் திருவிழாவுலயும் வில்லு பாடுவாவ, எனக்குத் தெரியாதா?” என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இலவச இசைவிழாவுக்கு அழைப்பு வந்தபோது எனக்குப் பெரிய மரியாதை தோன்றவில்லை. கொடையில் கேட்கிறவர்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள்; தங்கள் சாமியின் கதை என்று விடிய விடிய உட்கார்ந்து கேட்பார்கள், ஓர் அடி விட்டுப்போனாலும் கிழவிகள் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே விடிய விடியப் பாடுகிற கதையை மூன்றாகப் பங்கு வைத்து, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் என்று சொன்னார்கள். காசு கொடுக்காமல், வாகனத்தை நிறுத்தி, இரண்டு நிமிடம் படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்குப் பாடுவதும் ஒன்றுதான், கடலுக்குப் பாடுவதும் ஒன்றுதான் என்று முதல் நாள் வேனில் சலித்துக்கொண்டவன் நான். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானபோது மனிதர்களும் மாறிவிட்டதாக எனக்கொரு கணக்கு இருந்தது. 2018-இல் மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மாள் போன்றவர்களின் பாட்டுக்குக் கிடைத்த கேட்போர் இனி எங்கே என்று புலவரிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, வீசுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று இரவுகளும் அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நாங்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது பின்னாலிருந்து கேட்டார்: “பட்டன் மாடு மீட்கப் போனவன் போனபடியே நிக்கான். கதைய முடிக்க எப்பம் வருவிய?”

முத்துப்பட்டன் கதையில், மணவீட்டுக்கு மாடுகள் கொள்ளைபோன செய்தி வந்து, பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விட்டுவிட்டுப் பட்டன் புறப்படுகிற இடத்தில்தான் புலவரின் குரல் நின்றது. அன்றிரவு எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. தொடங்கிய கதையை முடித்து வாழி பாடாமல் வில்லை அவிழ்ப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது என்பதை, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்ட ஒருவர் எங்களுக்கு நினைவூட்டினார்.

ஆகவே புலவர் சார்பிலும் குழுவின் சார்பிலும் ஓர் உறுதி கூறுகிறேன். உரத்துப் பாட மருத்துவர்கள் இன்னும் சில மாதங்களுக்குத் தடை விதித்திருக்கிறார்கள். தடை நீங்கியதும், மேடையோ ஒலிபெருக்கியோ இல்லாமல், அதே வாசலோரத்தில் வில்லை நாட்டுவோம். புதுக் குடம் வாங்கிவிட்டேன், குடத்தில் அடிக்கக் கமுகம்பாளைத் தட்டியும் புதிதாகச் செய்து காயவைத்திருக்கிறேன். பட்டன் புறப்பட்ட இடத்திலிருந்து தொடங்கி, வாழி வரை ஓர் அடியும் விடாமல் பாடுவோம். மேலே நான் மொத்தமாகச் சொல்லி முடித்துவிட்ட அனைவரும் அன்றைக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை பாடலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்குக் கடையில் கூட்டம் இருக்கும், அடுப்பைப் பார்ப்பேனா கதையைக் கேட்பேனா என்று கோபித்துக்கொண்டார். எனவே அது ஒரு திங்கட்கிழமையாக இருக்கும்.